கணப்பும் அடுப்பும்: கண்டி மலைநாட்டில் நெருப்பிடந் திருத்திய வரலாறு

கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பெருவீதி பேராதனையைக் கடந்தபின் மகாவலி கங்கையின் மேற்கரையோடு செல்கின்றது. அவ்வழியில் அமைந்த கெலிஓயா குளிருக்குப் பெயர்பெற்ற ஊரன்று. கண்டி நகரத்தைப் போலவே கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், ஆற்றுப் பள்ளத்தாக்கில் அஃது அமைந்துள்ளது. மார்கழி, தை மாதங்களின் விடியற்பொழுதில் ஒரு போர்வை போதும். ஆதலால் இவ்வூர் வீடுகளின் வரவேற்பறையிற் சுவரோடு அமைந்த கணப்பைக் காண்டல் அரிது. கணப்பு வேண்டுமெனில் ஆற்றுக்கு அப்பால் ஹந்தானை மலைக்குப் பின்னுள்ள தெல்தோட்டைக்கோ, கம்பளைக்கு மேலே நுவரெலியாவுக்கோ ஏறவேண்டும். எனினும் மலைநாட்டு மக்கள் நெருப்பை வீட்டினுள் எங்ஙனம் வைத்து வாழ்ந்தனர், அதனைச் சிறு செலவில் எங்ஙனந் திருத்தினர், யாருடைய வீட்டில் அத்திருத்தம் முந்தியது, யாருடைய வீட்டிற் பிந்தியது என்னும் ஆராய்ச்சியைக் கெலிஓயாவிலிருந்தே தொடங்குதல் பொருந்தும். அதற்குக் காரணம் உண்டு.

கெலிஓயா சார்ந்த உடுநுவரைப் பகுதியில் எலதெத்தை என்றொரு கிராமம் இருக்கின்றது. 1660ஆம் ஆண்டிற் கொட்டியாரக் கரையில் இரண்டாம் இராசசிங்கனுடைய ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்ட ஆங்கிலேயனாகிய ரொபேட் நொக்ஸ், கண்டியரசிற் பத்தொன்பது ஆண்டுகள் தங்க நேர்ந்தது. 1679இல் அநுராதபுர வழியாகத் தப்பி மன்னார்க் கரையிலுள்ள அரிப்புக் கோட்டையை அடைவதற்கு முன், அவன் இறுதியாக வாழ்ந்த ஊர் அந்த எலதெத்தையேயாம். அங்கே நிலம் வாங்கி வீடமைத்து மரம் நட்டு வாழ்ந்தான். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவனது இலங்கை வரலாறு, அரசர் செய்தியினும் குடிமக்கள் வாழ்க்கையை நுணுகிக் கூறுவதாற் சிறப்புடையது. குடிமக்களின் வீடுகள் மண்ணும் கழியும் கொண்டு தத்தம் கையாலே கட்டப்பட்டவை. புகைபோக்கி அவற்றில் இல்லை. வீட்டின் ஒரு மூலையில் நிலத்தின்மேலே நெருப்பு மூட்டப்படுவதாற் கூரையின் உட்புறம் புகையேறிக் கறுத்துக் கிடக்கும் என்று அவன் எழுதுகின்றான். நம் அயலூரின் அடுக்களையைப் பற்றி இத்தனை பழைமையான நேர்முகச் சான்று வேறு கிடைத்தல் அரிது.

அந்நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. தான் முன்னர்க் கட்டிய வீடொன்றின் சுவருக்குத் தன் நாட்டு வழக்கப்படி சுண்ணாம்பு பூசி வெண்மையாக்கிய நொக்ஸ், அதனாற் பெருந்தண்டனைக்கு ஆளாக இருந்தான். சுண்ணாம்பு வெள்ளை அரசர் மனைக்கும் கோயிலுக்கும் மட்டுமே உரியது. ஏனையோர் பூசுதல் குற்றம். அயல்நாட்டான் அறியாமற் செய்தான் என்று விட்டுவிட்டனர். எளிதிற் கிடைக்கும் ஒரு பொருளைக்கூட வீட்டின் நலத்துக்குப் பயன்படுத்த முடியாதபடி தடுப்பது பொருளின் விலையன்று, வீட்டுக்குரியவனின் நிலையே என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. பின்வரும் வரலாறு முழுவதிலும் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

நெருப்பிடம் பற்றித் தமிழிலுள்ள சொற்களும் சிந்திக்கத்தக்கவை. சமைப்பதற்குரியது அடுப்பு, குளிர்காய்வதற்குரியது கணப்பு. சங்க காலத்தில் வாய் அகன்ற நெருப்புக் கலத்துக்குத் 'தடவு' என்று பெயர். நக்கீரர் பாடிய நெடுநல்வாடை கூதிர்காலத்தைச் சொல்லுமிடத்தில் இருவகை நெருப்பைக் காட்டுகின்றது. வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுநிலத்தை அடைந்த கோவலர் கொள்ளியைக் கையிற் பிடித்தும் குளிர் நீங்காது நடுங்குகின்றனர். நகரத்து மாடங்களிலோ சாளரங்கள் அடைக்கப்பட்டுத் தடவுகளில் நெருப்பு நிறைந்திருக்கின்றது. குளிர் இருவர்க்கும் ஒன்றே; அதனைத் தடுக்கும் கருவி வேறு. பின்னொரு காலத்தில் இலங்கை மலைநாட்டில் நிகழவிருந்ததை இப்பாட்டு அறியாது. ஆயினும் அதன் உருவத்தைக் காட்டிவிட்டது.

அடுப்பிலும் தமிழர் ஒரு நுட்பங் கண்டிருந்தனர். முதன்மை அடுப்பிலிருந்து ஒரு துளைவழியாக அனல் பக்கத்திற் சென்று இரண்டாவது பானையின் அடியைச் சூடாக்கும் அமைப்பே அது. அதனைக் கொடியடுப்பு என்பர். கொடிபோலப் பிரிந்து செல்லும் அனலால் ஒரே விறகில் சோறும் கொதிக்கும், குழம்போ வெந்நீரோ சூடாறாது இருக்கும். இதற்கு ஆகுஞ் செலவு களிமண்ணும் ஒருநாள் உழைப்பும் மட்டுமே. வீண்போகும் அனலைப் பிடித்துப் பயன்கொள்வது என்னும் கருத்து இதில் முழுமையாக இருக்கின்றது. புகையை வெளியேற்றுவது என்னும் கருத்து இதில் இல்லை. இவ்விரண்டும் வெவ்வேறு கருத்துகள் என்பதைப் பிற்காலத்துத் திருத்தக்காரர் பலர் மறந்தமையாலேயே அவர்களது முயற்சி தளர்ந்தது.

இனி, புகைபோக்கி உடையோரின் நிலையைப் பார்ப்போம். குளிர்நாடாகிய இங்கிலாந்தில் வரவேற்பறைக் கணப்பு நூற்றாண்டுகளாக இருந்துவந்தது. ஆயினும் அது நல்ல கருவியாக இருக்கவில்லை. கணப்பின் வாய் பெரிது. நெருப்பிருக்கும் குழி ஆழமும் அகலமும் உடையது. புகைவழியின் கழுத்தோ, துப்புரவு செய்யும் ஆள் ஏறி இறங்கத்தக்க அளவு அகன்றது. இதன் விளைவாக அறையின் சூடான காற்றும் கூரைக்கு மேலே போய்விடும். காற்று மாறி அடித்தாற் புகை அறைக்குட் புகும். அமர்ந்திருப்போரின் முழங்கால் வேகும், முதுகு குளிரும்.

இக்குறையை நீக்க முயன்றோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் பெஞ்சமின் பிராங்கிளின். அவர் 1740களில் வார்ப்பிரும்பாலான ஒரு கணப்பை அமைத்தார்; 1744இல் அதனை விளக்கி ஒரு சிறு நூலும் வெளியிட்டார்; தனியுரிமை பெற மறுத்தார். ஆயினும் வார்ப்பிரும்பு விலையுயர்ந்தது. மற்றவர் ரம்போட் பிரபு எனப்பட்ட பெஞ்சமின் தொம்சன். 1753இல் அமெரிக்காவில் மசாச்சுசெட்சிற் பிறந்து, பவேரியாவிற் பணியாற்றி உயர்ந்து, 1799இல் இலண்டனில் ரோயல் இன்ஸ்ரிரியூசன் என்னும் அறிவியற் கழகம் தோன்றக் காரணராக இருந்தவர். கணப்புகளைப் பற்றிய அவரது கட்டுரை 1796இல் வெளிவந்தது. அதன் பெருமை யாதெனின், அது புதுக் கருவி எதனையும் விற்கவில்லை. வீட்டிலே ஏற்கெனவே உள்ள கணப்பைச் சில செங்கற்களாலும் காரையாலும் திருத்தும் வழியையே அது கூறியது.

அவ்வழி இது. நெருப்புக் குழியின் பின்சுவரை முன்னே கொணர்ந்து ஆழத்தைக் குறைத்தல். பின்சுவரின் அகலத்தை முன்வாயின் அகலத்தில் மூன்றிலொரு பங்களவாகச் சுருக்குதல். பக்கச் சுவர்களை நேராக விடாது வெளிநோக்கிச் சரித்து, பின்சுவரோடு 135 பாகைக் கோணம் அமையுமாறு கட்டுதல். புகைவழியின் கழுத்தை ஏறத்தாழ 4 அங்குலமாகக் குறுக்குதல். கழுத்துக்கு முன்னுள்ள கூர்விளிம்பைக் காற்று வழுக்கிச் செல்லுமாறு உருட்டி மழுக்குதல். சரிந்த பக்கச்சுவர்கள் நெருப்பின் கதிர்வீச்சை அறைக்குள் திருப்புகின்றன. குறுகிய கழுத்துப் புகையை விரைந்து இழுக்கின்றது, அறைக்காற்றை வீணாக இழுப்பதில்லை. அப்பக்கச்சுவர்களுக்கு இரும்பைக் காட்டிலும் கல்லும் செங்கல்லும் ஏற்றவை என்றும், அவற்றின்மேற் சாந்து பூசி வெள்ளையடித்தல் நன்று என்றும் அவர் கூறினார். கண்டியிற் குடியானவனுக்கு விலக்கப்பட்டிருந்த அதே சுண்ணாம்பு வெள்ளை, இலண்டனில் நூற்றுச் சில ஆண்டுகளுக்குப் பின் கணப்பின் சூட்டைப் பெருக்கும் கருவியாயிற்று. கழுத்துக் குறுகினால் துப்புரவாளன் எப்படி ஏறுவான் என்பதையும் அவர் மறக்கவில்லை. பின்புறத்தில் எடுத்து வைக்கத்தக்க கல்லொன்றைப் பொருத்தச் சொன்னார். இலண்டனில் நூற்றுக்கணக்கான கணப்புகள் இவ்வாறு திருத்தப்பட்டன. 1817இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஒஸ்ரினின் 'நோர்த்தாங்கர் அபே' என்னும் நாவலிற் பழமடத்தின் பிரமாண்டமான கணப்பைக் காண விழைந்து வந்த கதைத்தலைவி, அது ரம்போட் முறைப்படி சுருக்கப்பட்டிருப்பதைக் கண்டு ஏமாறுகின்றாள். பழைமைப்பற்றுக்கும் வசதிக்கும் இடையேயுள்ள பிணக்கை இதனினும் அழகாகக் காட்டல் அரிது.

இவ்வறிவு இங்கிலாந்திற் பரவி அரைநூற்றாண்டு சென்றபின்னரே கண்டி மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. ஆகவே மலையேறிய வெள்ளையர், திருந்திய கணப்பைப் பற்றிய அறிவை உடன்கொண்டே வந்தனர். 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து தெல்தோட்டைக்கு அப்பாலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்திற் பணியேற்ற ஜேம்ஸ் டெய்லர் அவர்களுள் ஒருவர். 1867இல் 19 ஏக்கர் நிலத்தில் அவர் தேயிலை பயிரிட்டதே இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கம் என்பது பலரும் அறிந்தது. 1892இல் மறைந்த அவரது கல்லறை கண்டி மகாயாவையில் உள்ளது. அவர் வாழ்ந்த மரக்குடில் இன்றில்லை. அது நின்ற இடத்தில் எஞ்சியிருப்பது கல்லாற் கட்டிய கணப்பின் புகைபோக்கியே. மரச்சுவரும் கூரையும் மண்ணோடு மண்ணாயின. நெருப்புக்கென்று கட்டியது நிற்கின்றது. மலைநாட்டிற் குடியேற்றத்தின் தொல்பொருட் சின்னம் ஒன்றைக் காட்டச் சொன்னால் அப்புகைபோக்கியைக் காட்டலாம்.

டெய்லரின் தோட்டத்தில் மற்றொரு நெருப்பும் இருந்தது. முதன்முதல் அங்கே தேயிலை பதப்படுத்திய முறையைப் பற்றி அக்காலத்தவர் எழுதிய குறிப்புகளால் அறிவது யாதெனின், பங்களாவின் விறாந்தையே தொழிற்சாலை. கொழுந்து மேசைமேற் கைகளால் உருட்டப்பட்டது. பின்னர்க் களிமண் அடுப்புகளில் மரக்கரி நெருப்பின்மேற் கம்பித் தட்டுகளில் இட்டு உலர்த்தப்பட்டது. அவ்வடுப்புகளை அவர்கள் 'சூலா' என்னும் இந்தியச் சொல்லாலேயே குறித்தனர். 1873இல் இலண்டனுக்குச் சென்ற 23 இறாத்தல் தேயிலை இத்தகைய மண்ணடுப்பின் பிள்ளை. ஆனால் அம்மண்ணடுப்பு தொழிற்சாலையில் நெடுநாள் நிலைக்கவில்லை. 1872இலேயே டெய்லர் உருட்டும் பொறி அமைத்தார். 1870களின் பிற்பகுதியில் சாமுவேல் டேவிட்சன் அமைத்த 'சிறொக்கோ' என்னும் சூடான காற்றால் உலர்த்தும் பொறி தேயிலை நாடுகளெங்கும் பரவத் தொடங்கியது. அதில் உலையின் புகை ஒருவழியாகவும், உலர்த்தும் காற்று வேறு வழியாகவும் செல்லும். புகை கொழுந்தைத் தொடாது. தேயிலை புகைநாற்றம் ஏற்றால் இலண்டன் சந்தையில் விலைபோகாது என்பதே காரணம்.

பங்களாவிற் கணப்பு இருந்தது, புகை அறைக்குள் வாராது. தொழிற்சாலையில் உலை இருந்தது, புகை கொழுந்தைத் தீண்டாது. மூன்றாவதாக லயம் இருந்தது.

திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த தமிழ்த் தொழிலாளர், வெப்பநாட்டார். குளிரென்பது அவர்களுக்குப் புதிது. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். அங்கே தை மாதத்து இரவிற் குளிர் 10 பாகை செல்சியசுக்குங் கீழே இறங்கும். அத்தகைய இடங்களில் அவர்களுக்குக் கிடைத்த இருப்பிடம் லயத்திலுள்ள ஒரு காம்பரா. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. ஒரு கதவு, சாளரம் இருந்தாற் சிறியது, தகரக் கூரை, முன்னே இஸ்தோப்பு. சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையாகக் காம்பராக்கள் அமைந்ததாற் பின்சுவரிற் காற்றுவழியே இல்லை. அடுப்பு காம்பராவின் உள்ளே ஒரு மூலையிலோ, இஸ்தோப்பிலோ. இங்கே அடுப்பு அடுப்பு மாத்திரமன்று, அதுவே கணப்பு. இரவிற் குழந்தைகள் அதனருகே உறங்கினர். மழையில் நனைந்த கம்பளி அதன்மேலே உலர்ந்தது. விறகு கவ்வாத்துக் காலத்திற் கிடைக்கும் தேயிலை மிலாறு. ஈரமிருந்தால் மிகவும் புகைவது. விடியற்காலைப் பிரட்டுக்கு முன் சமைத்து முடிக்கவேண்டிய பெண், அந்தப் புகையிலே நாளைத் தொடங்கி அந்தப் புகையிலே முடித்தாள். மலையகப் பாட்டிகளின் கண்கள் எரிந்து சிவந்திருத்தலையும், வறட்டிருமலையும் பனியின் குற்றமென்றே நெடுங்காலம் கருதினர்.

ரம்போட்டின் கட்டுரை எல்லார்க்கும் கிடைக்கத்தக்கதாகவே இருந்தது. லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அவரது முறைப்படி கட்டிய கணப்பு எரிந்தது. லயம் கட்டிய கொத்தனே பங்களாவின் புகைபோக்கியையும் கட்டியிருக்கக் கூடும். பிற்காலத்திற் கட்டிய சில லயங்களில் குசினியும் புகைபோக்கியும் தனியே சேர்க்கப்பட்டன என்பது உண்மை, பெரும்பாலானவற்றில் இல்லை. ஆதலால் அறிவில்லாமையாலோ செங்கல் இல்லாமையாலோ அது தடைப்பட்டது என்று சொல்லுதல் பொருந்தாது. லயம் தொழிலாளியின் வீடன்று, தோட்டத்தின் சொத்து. அதிலே செங்கல் ஒன்றை வைக்கவும், கூரையிற் துளையிடவும் குடியிருந்தவனுக்கு உரிமையில்லை. உரிமையுடையவனுக்கு அந்தப் புகை உறைக்கவில்லை. வாடகைக்கும் குடியுரிமைக்கும் அப்பாற்பட்ட இந்நிலை 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும், 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்ற பின்னரும் அடியோடு மாறிவிடவில்லை.

ஏழையின் அடுப்பைத் திருத்தவேண்டும் என்னும் எண்ணம் இயக்கமாக எழுந்தது இந்தியாவிலேயாகும். தஞ்சாவூரில் 1892இற் பிறந்த பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா, காந்தியடிகளின் ஊக்கத்தால் 1934இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தினார். அவ்விடமாகிய மகன்வாடியின் பெயரால் 'மகன் சூலா' என்னும் புகையில்லா அடுப்பு 1947இல் உருவாயிற்று. அதே காலத்தில் ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தில் எஸ். பி. ராஜு என்பார் மண்ணாற் கட்டும் புகைபோக்கி அடுப்பு ஒன்றை அமைத்தார். இலட்சக்கணக்கான குடும்பங்களுக்குப் புகையில்லா அடுக்களை என்னும் பொருள்படும் அவரது ஆங்கிலச் சிறு நூலைச் சென்னைக் கிறித்தவ இலக்கியச் சங்கம் 1953இல் வெளியிட்டது. ஒரே நெருப்பின் அனல் அடுத்தடுத்துள்ள பானைகளின் அடியிற் சென்று, கடைசியிற் புகைபோக்கி வழியே வெளியேறுவது அதன் அமைப்பு. கொடியடுப்பையும் ஆங்கிலேயரின் புகைபோக்கியையும் இணைத்தது அது என்று சொல்லலாம்.

பின்னர் இந்திய அரசு 1983இல் தொடங்கி 2002 வரை நடத்திய திருந்திய அடுப்புத் திட்டம் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளை வழங்கியது. அவற்றுட் பல சில ஆண்டுகளிற் பயனற்றுப் போயின. மானியத்துக்காக அவசரமாகக் கட்டியவை, வீட்டுப் பானையின் அளவுக்கு ஒவ்வாதவை, வெடித்தபின் திருத்துவார் இல்லாதவை. அடுப்பை வாங்குவோன் அரசாங்கமாகவும் எரிப்பவள் வேறொருத்தியாகவும் இருந்தால் இவ்வாறு நேர்வது இயல்பு.

இலங்கையில் நிகழ்ந்தது வேறு. 1970களின் எண்ணெய் விலையேற்றமும் காடழிவு பற்றிய கவலையும் விறகின்பால் அரசின் கண்ணைத் திருப்பின. சர்வோதய இயக்கமும், ஈ. எப். சூமாக்கர் 1966இற் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் குழுவும் சேர்ந்து, இரு துண்டுகளாலான சுட்ட மண்ணடுப்பு ஒன்றைச் சோதித்தன. 1980களின் நடுப்பகுதியில் இலங்கை மின்சார சபை விறகுச் சிக்கனத் திட்டத்தின் மூலம் அதனைப் பரப்பியது. விறகைப் பற்றி மின்சார சபை கவலைப்பட்டது விந்தையாகத் தோன்றலாம். நாட்டின் எரிபொருளிற் பெரும்பங்கு விறகாக இருந்தமையால் அஃது இயல்பே. இவ்வனுபவத்திலிருந்து ஒரே துண்டாலான 'அனகி' அடுப்பு பிறந்தது. அனகி என்னும் சிங்களச் சொல்லுக்கு விலைமதிப்பற்றது என்பது பொருள். விலையோ ஏழைக்கும் எட்டியது. 1990களிற் கண்டியைத் தளமாகக் கொண்ட, 'ஐடியா' என்னும் சுருக்கப்பெயரால் அறியப்படும் ஒன்றிணைந்த அபிவிருத்திச் சங்கம், குயவர்க்குப் பயிற்சி அளித்து, அச்சும் அளவும் கொடுத்து, இவ்வடுப்பை நாடெங்கும் பரவச் செய்தது.

அனகியைப் பார்க்கும் தமிழ்ப் பெண்ணுக்கு அது புதுமையாகத் தோன்றாது. விறகிடும் வாய் ஒன்று; முன்னே ஒரு பானைக்கிடம்; அனல் செல்லும் துளை; பின்னே இரண்டாம் பானைக்கிடம். கொடியடுப்பே அது. வேற்றுமை அளவிலேயுள்ளது. விறகுவாய் அளவறிந்து குறுக்கப்பட்டிருக்கின்றது. ஆதலால் வேண்டாத குளிர்காற்று நுழையாது. பானைக்கும் நெருப்புக்கும் உள்ள இடைவெளி கணக்கிடப்பட்டது. இலண்டன் கணப்பில் ரம்போட் செய்ததும் இதுவே: வாயைக் குறுக்கு, அனலை வேண்டிய பக்கந் திருப்பு. குயவனிடம் வாங்கிய அடுப்பைச் சுற்றிக் களிமண்ணும் வைக்கோலும் சாணமும் பிசைந்த சாந்தைத் தடிப்பாகப் பூசவேண்டும். அப்பூச்சு சூட்டைக் காத்து, அடுப்பு வெடிக்காமலும் காக்கும். மூன்று கல் அடுப்போடு ஒப்பிட ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு விறகு மிச்சமாகும். மானியமின்றிச் சந்தையிலே விற்றமையாற் குயவன் பிழைத்தான். அடுப்புப் பழுதானால் அடுத்த சந்தையில் மற்றொன்று கிடைத்தது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் அது விற்பனையாயிற்று. அரசுத் திட்டங்கள் மறைந்த பின்னும் அது மறையாமைக்கு இதுவே காரணம்.

இவ்வெற்றியைப் பாராட்டுவோர் ஒன்றைச் சொல்லாது விடுகின்றனர். அனகி விறகைச் சுருக்கியது, புகையை வெளியேற்றவில்லை. விறகு குறையப் புகையும் ஓரளவு குறையும் என்பது உண்மை. ஆயினும் புகைபோக்கியில்லாத குசினியில் எரியும் அனகியின் புகை குசினியிலேயே தங்கும். வீட்டினுள் எரிக்கும் நெருப்பின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுட் பலர் பெண்களும் குழந்தைகளும். இலங்கைக் கிராமத்து வீடுகளிற் பல தனிக் குசினியும் கூரையோடு கட்டிய புகைபோக்கியும் உடையன. அங்கே அனகி முழுப்பயன் தந்தது. ஒற்றைக் காம்பராவில் அது பாதிப்பயனே தந்தது.

லயத்துப் பெண்கள் சிலர் புகைபோக்கியை விரும்பவில்லை என்று கூறுவோரும் உளர். இதனை அறியாமை என்று தள்ளிவிடல் தகாது. புகைபோக்கி நெருப்பின் சூட்டிலும் ஒரு பங்கை வெளியே கொண்டுபோகும். கணப்பு வேறு இல்லாதவளுக்கு அது நட்டமே. அடுப்புக்கு மேலுள்ள பரணில் மிலாறு உலர வேண்டும். பூச்சி அண்டாதிருக்க வேண்டும். ஒரே நெருப்பு நான்கு வேலை செய்த இடத்தில், ஒரு வேலைக்கு மட்டும் உகந்த அடுப்பைக் கொடுத்தால் ஏனைய மூன்றுக்கும் அவள் என் செய்வாள்? ரம்போட் கணப்பைத் திருத்தியபோது அவ்வீட்டில் அடுக்களை வேறாக இருந்தது என்பதை மறக்கலாகாது.

பங்களாக் கணப்புகளின் கதி இதற்கு மாறானது. தோட்டங்கள் கைமாறியபின் அவற்றுட் பல எரியாது கிடந்தன. சில பலகையால் அடைக்கப்பட்டன. புகைவழியிற் பறவை கூடு கட்டியது. அண்மைக் காலத்திற் பல பங்களாக்கள் விருந்தினர் விடுதிகளாகவும் ஓய்வில்லங்களாகவும் மாறியபோது கணப்பு மீண்டும் மதிப்புப் பெற்றது. நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பின் விறகுக் கணப்பைக் காண்பதற்கென்றே பயணிகள் செல்கின்றனர். சலவைக்கல் பதித்தும் வார்ப்பிரும்புக் கிராதி தேடியும் பெரும்பொருள் செலவிடுவோர் உண்டு. ஆனால் பழங்கணப்பு ஒன்றுக்கு உண்மையில் வேண்டுவன சிலவே: புகைவழியை முற்றாகத் துப்புரவு செய்து, வெடிப்பு உண்டாவென்று பார்த்தல், உதிர்ந்த காரையைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புதல், குழி ஆழமாயின் தீச்செங்கல்லாற் பின்சுவரை முன்னே கொணர்தல், வெளிமுகப்புக்கு வெள்ளையடித்தல். நெருப்புப் படும் இடத்திற் சாதாரண எண்ணெய் வர்ணம் பூசினால் அது கருகி நச்சுப்புகை தரும். கிரவிலியாவும் யூகலிப்டசும் ஆறு மாதமேனும் உலர்ந்திருந்தாலன்றி எரித்தல் நன்றன்று. 1796ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கொத்தன் ஓரிரு நாளில் இவ்வேலையை இன்றும் முடிக்கலாம்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. எரிவாயு நகரங்களிற் பெருகி வந்தது. 2021இன் இறுதியில் எரிவாயு அடுப்புகள் பல வெடித்த செய்திகள் வந்தன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுச் சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசை நின்றது. அப்போது கண்டியிலும் கெலிஓயாவிலும் எரிவாயுவுக்குப் பழகிய குடும்பங்கள் மீண்டும் மண்ணடுப்பைத் தேடின. பலருடைய புதுவீட்டிற் புகைபோக்கி இல்லை. கட்டும்போதே அதனைப் பழங்காலத்துப் பொருள் என்று விட்டிருந்தனர். பின்முற்றத்தில் நாலு கல்லும் ஒரு தகரமும் வைத்துச் சமைத்தவர்கள், நொக்ஸ் கண்ட எலதெத்தைக் குடியானவனைவிட ஒருபடி மேலே நின்றனர். புகை வானத்துக்குச் சென்றது.

மலையகத்தில் இந்திய அரசின் உதவியோடு 2016இல் 4,000 தனிவீடுகளுக்கான திட்டம் தொடங்கிற்று. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 7 பேர்ச்சு நிலம், 550 சதுர அடி வீடு, அதனுள் தனியாக ஒரு குசினி. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் செங்கல்லை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அடுப்பெரிப்பவளின் கைக்கு வருகின்றது. அவ்வீட்டிற் புகைவழி அமைக்க வேண்டுவோர் அறியவேண்டிய அளவுகள் சில: குழாயின் வாய் கூரை முகட்டுக்கு மேலே குறைந்தது இரண்டடியேனும் உயர்ந்திருத்தல் வேண்டும், இல்லையெனிற் காற்று புகையைக் கீழே தள்ளும். தகரக்கூரையைத் துளைக்கும் இடத்தில் உலோக வளையம் வைத்து மேற்புறத்திலே மடிப்புவிட்டுப் பொருத்தல் வேண்டும். பருவமழையில் அவ்விடம் ஒழுகத் தொடங்கினால், வீட்டுக்காரி சாக்கைத் திணித்து முதலில் அதனையே அடைப்பாள்.